அலாரத்துக்குக் கொடுத்த மூன்று எண்கள்

பயம் என்றால் என்னவென்று எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பெருமைதான். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போய் மூட்டை தூக்கியவன் நான். கப்பலுக்கும் படகுக்கும் நடுவே ஒற்றைப் பலகை. மழையில் அது பாசி பிடித்திருக்கும். அதன் மேல் கோதுமை மூட்டையோடு ஓடியிருக்கிறேன். ஒருமுறை கிரேன் சங்கிலி அறுந்து சரக்கு நாலடி தள்ளி விழுந்தது. எல்லோரும் ஓடினார்கள், நான் நின்ற இடத்திலேயே பீடி பற்றவைத்தேன். மூட்டை தூக்கிய காசில் ஒரு பழைய லாரி வாங்கினேன். அது மூன்றானது. இன்றைக்கு எண்ணூர் பக்கம் சொந்த யார்டு, கண்டெய்னர் ஏற்றும் பதினோரு டிரெய்லர், திருவொற்றியூரில் இரண்டு மாடி வீடு. இதில் ஒரு செங்கல்கூட இன்னொருத்தன் கை கொடுத்து எடுத்துவைத்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்குப் பயம் வந்தது ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணிக்கு.

எங்கள் பின்தெருவில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் வெளியூர். அன்றைக்கு அவர் பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறக்கும்போது ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பின்னாலேயே வந்து கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறார்கள். கதவு உள்ளே பூட்டியிருந்தது. அதை உடைக்க அவர்கள் மெனக்கெடவே இல்லை. "உன் பொண்டாட்டியக் கூப்டு" என்றார்கள். அவர், "நான்தான், தொற" என்றார். அந்த அம்மா திறந்துவிட்டார்.

நகையெல்லாம் போனது ஒரு பக்கம். நான் பார்க்கப் போனபோது அவர் கழுத்தில் நூல் கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "தண்ணி குடிம்மா" என்றால் தம்ளரைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார்.

"கதவு உடையல சார்," என்றார் அவர். "என் கொரலாலதான் என் வூட்டைத் தொறந்தானுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் சொன்னதுதான் காதில் ஓடியது. நானும் காலையில் யார்டுக்குப் போனால் என் மனைவி தனியாகத்தான் இருப்பாள். போன வருஷம்தான் அவளுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. மகன் துபாயில், மகள் கோயம்புத்தூரில்.

அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

"இனிமே நானே வந்து கூப்டாலும் தொறக்காத. சாவி என்கிட்ட கீது, நானே தொறந்துகினு வருவேன். எவனாவது உள்ள பூந்துட்டான்னு வையி, பாத்ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுக்கோ. நான் கத்தினாலும் தொறக்காத. அழுதாலும் தொறக்காத. போலீஸ் வந்தாத்தான் தொறக்கணும்."

"நீ நெசமாவே கூப்டா?"

"நான் கூப்டறேன்னா என் கழுத்துல கத்தி கீதுன்னு அர்த்தம்."

மறுநாளே யார்டு வெல்டரைக் கூட்டிவந்து, டிரெய்லருக்குப் போடுகிற மாதிரி கனமான இரும்புத் தாழ்ப்பாளை பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் அடித்துக்கொடுத்தேன். கதவையும் மாற்றினேன். யானை முட்டினாலும் திறக்காது என்று அவளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. ராத்திரி எனக்குப் பயமே இல்லை, பக்கத்தில் நான் இருக்கிறேன் அல்லவா. பகல்தான். யார்டில் லோடு ஏறிக்கொண்டிருக்கும், டிரைவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள், மணி பதினொன்று ஆனால் என் கை தானாக போனுக்குப் போகும்.

"இன்னா?" என்பாள்.

"ஒண்ணியும் இல்ல. சோறு துன்னியா?"

"பதினோரு மணிக்கு எவன் சோறு துன்னுவான்? போன வையி, குழம்பு அடி புடிக்குது."

அந்தக் குரலைக் கேட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் கை போகும். ஒருநாள் அவள் குளிக்கப் போய் போனை எடுக்கவில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வரிசையாக நிற்கிற டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, எண்ணூர் ரோட்டில் எப்படி வந்தேன் என்றே தெரியாமல் வந்து சேர்ந்தேன். தலையில் துண்டோடு வந்து நின்றாள். "உனக்குத்தான் மொதல்ல ஸ்டென்ட் வெக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு அலாரம் வைக்கலாமா என்று மகனிடம் போனில் கேட்டேன். "வெறும் அலாரம் வெச்சா புரோஜனம் இல்லப்பா. சைரன் கத்தும், தெருவுல எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அது அடிச்சா இருபத்திநாலு மணி நேரமும் ஆள் கவனிக்கிற கம்பெனியாப் பாத்து வை" என்றான்.

இரண்டு கம்பெனியை வரவழைத்தேன். இரண்டு பேரும் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் தொடருங்கள் என்றார்கள்.

முதல் கம்பெனிக்காரன் சுத்தமாக டை கட்டிக்கொண்டு வந்தான். எல்லாம் மிஷினே பார்த்துக்கொள்ளும் சார், மனுஷன் தூங்குவான், மிஷின் தூங்காது என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கம்பெனியிலிருந்து நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஃபைலோடு வந்தார். அவர்களுடைய கண்ட்ரோல் ரூமில் ஆட்கள் முறை வைத்து உட்கார்ந்திருப்பார்களாம். கதவில் இருக்கிற சென்சார் அடித்தால் கேமரா படம் அவர்களுக்குப் போகும். முதலில் வீட்டில் இருக்கிறவருக்குப் பேசுவார்கள். பிறகு நாம் கொடுத்த மூன்று எண்களுக்குப் பேசுவார்கள். பிறகு போலீஸ்.

"ஐயா, பக்கத்துல இருக்கறவங்க, பத்து நிமிஷத்துல வந்து நிக்கக்கூடியவங்க, மூணு பேர் நம்பர் எழுதுங்க" என்று படிவத்தை நீட்டினார்.

என் பெரிய போன் எண்ணை எழுதினேன். என் சின்ன போன் எண்ணை எழுதினேன். மூன்றாவதாக யார்டு ஆபீஸ் எண்.

அந்தப் பெண்மணி பார்த்துவிட்டு, "மூணும் உங்களுதேவாங்க ஐயா?" என்றார்.

"எனக்கு நானே போதும்மா."

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "எழுதிக்கோம்மா. நாலாவது கேட்டாலும் அவரு நம்பர்தான் குடுப்பாரு."

இப்போது நான் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் யார்டில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுத்தால் சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த ஒரு வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பின்சுவர் ஏறிக் குதிப்பேன். என்னைப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுநாள் கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன். ஒருத்தன் என்னைத் தெரியாமல் முழங்காலில் தடியால் போட்டான். நொண்டிக்கொண்டே போய் அவனுக்குச் சம்பளம் ஏற்றினேன். அவன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறான். சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனையே கிடையாது. இந்த இரண்டு கம்பெனியையும் அப்படித்தான் பார்ப்பதென்று முடிவு செய்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு முகத்தில் எதுவும் நிற்காது.

அவள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலுக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வருவாள். முதல் கம்பெனியை ஒரு வெள்ளிக்கிழமை சோதித்தேன். பின்கதவைக் கம்பியால் நெம்பினேன். சைரன் கத்தியது. நான் தெருமுனைக்குப் போய் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் கழித்து என் போன் அடித்தது. இந்தியில் ஒரு மிஷின் பேசியது, பிறகு இங்கிலீஷில். அந்த எண்ணை அழுத்து, இந்த எண்ணை அழுத்து என்றது போலிருக்கிறது. நான் எதையும் அழுத்தவில்லை. அவ்வளவுதான். சைரன் தானாக ஓய்ந்தது. மகன் சொன்னதுபோலவே தெருவில் ஒரு ஜன்னல் திறக்கவில்லை. என் வீடு வெயிலில் சும்மா நின்றது. உள்ளே அவள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அந்த டை கட்டியவனை அன்றைக்கே கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

அடுத்த மாதம் இரண்டாவது கம்பெனி. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஒன்பதரைக்கு யார்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, பத்தரைக்குப் பின்சந்து வழியாகத் திரும்பினேன். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கேமராவில் என் முகம் தெரிந்தால் வீட்டுக்காரர்தான் என்று சும்மா இருந்துவிடுவார்கள் அல்லவா? நிஜத் திருடன் எப்படி வருவானோ அப்படியே போக வேண்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப் வரை போயிருக்கிறாள், முட்டி வலி, திரும்பிவிட்டாள். சொன்னால் நான் பதறிக்கொண்டு ஓடிவருவேன் என்று எனக்குப் போன் செய்யவில்லை. உள்ளே வந்து, நான் பழக்கியபடி கதவுகளுக்கு அலாரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

பின்கதவை நெம்பித் தள்ளி உள்ளே வந்தேன். சைரன் காதைப் பிளந்தது. ஹாலுக்குப் போய் நின்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சட்டைப் பையில் பெரிய போன் அடித்தது. எடுக்கவில்லை. பார்ப்போம், அடுத்து என்ன செய்கிறார்கள் என்று நின்றேன். அது நின்றதும் சின்ன போன் அடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபாஷ் என்று சத்தமாகவே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பெரிய போன்.

அப்போது சைரன் ஒரு மூச்சு விடுகிற நேரம் ஓய்ந்தது. பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. யாருடனோ போனில் கிசுகிசுத்தாள்.

"ஆமாம்மா... ஹெல்மெட்டு போட்டவன்... பாத்துட்டுத்தான் உள்ள பூந்துக்கினேன்... எங்க வூட்டுக்காரரு போனு அவன் பாக்கெட்டுல அடிக்குதும்மா. அவரோட ரிங்குதான். அவர எங்கயோ இன்னாமோ பண்ணிட்டானுங்க."

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. ஹெல்மெட்டைக் கழற்றக் கை வரவில்லை. ஸ்டிராப் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"நான்தாம்மே! நான்தான்! தொற!"

மறுபடியும் தட்டினேன்.

"ஏய், நான்தான்! ஒண்ணியும் இல்ல! தொறம்மே!"

"கூப்ட வெக்கிறானுங்கம்மா," என்று அவள் போனில் சொன்னாள். "அவரு சொல்லியிருக்காரு. கூப்டா கழுத்துல கத்தி கீதுன்னு அர்த்தமாம். நான் தொறக்க மாட்டேன்."

மறுபடியும் சைரன் ஆரம்பித்தது. நான் கத்தக் கத்த என் குரல் எனக்கே கத்தி வைத்தவன் குரல்போலத்தான் கேட்டது. போனை எடுத்தேன். கண்ட்ரோல் ரூம் பெண்.

"ஐயா, பாஸ்வேர்டு சொல்லுங்க."

என் முதல் லாரியின் நம்பர்தான் பாஸ்வேர்டு. சொன்னேன். "சைரனை நிறுத்தும்மா. என் பொண்டாட்டிகிட்ட சொல்லு. உள்ள வந்தது நான்தான். சும்மா பாக்கறதுக்குப் பண்ணேன்."

சைரன் நின்றது. ஆனால் அந்தப் பெண் விடவில்லை.

"பாஸ்வேர்டு சரிதாங்க ஐயா. ஆனா உங்கள மிரட்டியும் சொல்ல வைக்கலாம். பக்கத்துல கத்தியோட ஒருத்தன் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களைத் தெரிஞ்ச வேற ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்."

"மத்த நம்பருக்குப் போடும்மா!"

"போட்டோங்க ஐயா. மூணும் உங்க நம்பர்தான் இருக்கு. யார்டுல யாரும் எடுக்கல. போலீஸுக்குச் சொல்லியாச்சு." பிறகு அவர் குரல் மாறியது. "இன்னொரு லைன்ல அம்மா பேசறது நின்னுபோச்சு. மூச்சு மட்டும் கேக்குது. ஆம்புலன்சுக்கும் சொல்றேன்."

போனைக் கீழே போட்டுவிட்டுத் தோளால் இடித்தேன். நான் அடித்த தாழ்ப்பாள், நான் மாற்றிய கதவு. ஒரு இம்மிகூட அசையவில்லை. அறுபது கிலோ மூட்டையை முதுகில் வைத்து ஓடியவன், அந்தக் கதவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வாயை வைத்து, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மொதலாளி, சைரன் கத்துச்சேன்னு வந்தா, கீழ வுழுந்து கீற?"

பின்கதவில் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அம்மா நின்றிருந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி. கரி நெருப்போடு, அனல் பறக்க. திருடனை அதாலேயே போடலாம் என்று எடுத்துவந்திருக்கிறார். போன கோடையில் என் சுவரோர நிழலில் அவர் வண்டியை நிறுத்தியிருந்தார். சுவர் கரி பிடிக்கிறது என்று சத்தம் போட்டு எதிர்ப்பக்க வெயிலுக்குத் தள்ளவைத்தவன் நான். அந்தத் தெருவில் எத்தனை கதவு இருக்கிறது! வந்தது அவர் ஒருவர்தான்.

அழுதுகொண்டே சொன்னேன். சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும்.

"இரு, நீ கத்தாத. நீ கத்துனா அது இன்னும் பயந்துக்கும்" என்றவர், பெட்டியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வெளியே ஓடினார். வண்டியைத் தள்ளிவந்து பக்கச் சந்தில் பாத்ரூம் வெண்டிலேட்டர் கண்ணாடிக்கு நேராக நிறுத்தி, அதன் மேல் ஏறினார். அங்கிருந்து அவர் குரல் எனக்கு வீட்டுக்குள் கேட்டது.

"யக்கா! மேல பாரு! நான்தான் இஸ்திரிக்காரி. யக்கா, கண்ணத் தொற. வூடு பூரா பாத்துட்டேன். எவனும் இல்ல. உன் ஊட்டுக்காரு மட்டும்தான் உள்ள நின்னுகினு அழுவுறாரு. கத்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேத்து நான் தேச்ச நீலச் சட்டதான் போட்டுக்கினு கீறாரு. அதுவே வேறவன் போட்டா எனக்குத் தெரியாதா? தாப்பாளத் தள்ளு. கை வருதா? மெதுவா. நான் போவல, இங்கியே நிக்கிறேன்."

எத்தனை நேரம் ஆனதோ. தாழ்ப்பாள் இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது.

அவள் தரையில், ஈரத்தில், சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. போன் மடியில். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வைத்தேன். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள், கழுத்தையும் தடவினாள். அங்கே கோடு எதுவும் இல்லை என்று விரலால் இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் ஒரே நேரத்தில் வந்தன. ஏட்டு என் கம்பியையும் ஹெல்மெட்டையும் பார்த்தார். "ஏன் நைனா, பூட்டுன வூட்டை ஒடைக்கத் திருடன் வருவான்னு பாத்தா, நீயே ஒடைச்சிக்கினியா? அவனுக்கு வேலையே வெக்க மாட்ட போலகீதே" என்றார். என் வாழ்க்கையில் ஒருத்தன் கேலி செய்து நான் பதில் சொல்லாதது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டென்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அந்த இரண்டு நாளும் அவள் என்னிடம் பேசவில்லை. நர்சிடம் பேசினாள், மகளிடம் போனில் பேசினாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்:

"போன் அவன் பாக்கெட்டுல அடிச்சப்ப நீ செத்துட்டன்னே நெனச்சிக்கினேன். அதுக்கப்பால தொறந்தா இன்னா, தொறக்காட்டி இன்னான்னு ஆயிடுச்சி."

நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கண்ட்ரோல் ரூமில் அந்தப் பெண் கடைசி வரை அவள் லைனை வைக்கவில்லை, "நான் இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதையும் அவள்தான் சொன்னாள். "வெச்சா இந்தக் கம்பெனியவே வையி" என்றாள். "ஆனா நம்பர மாத்து."

ஃபைல்காரப் பெண்மணி புதுப் படிவத்தோடு வந்தார். என் எண்ணை மூன்றாவதாக எழுதினேன். இரண்டாவது, பின்தெரு ரயில்வேக்காரர். அவரிடம் கேட்கப் போனபோது அவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் எண்ணுக்கு நான் தெருவில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. ஒருத்தரிடம் போய் ஒன்றைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வண்டியின் முன்னால் நின்று ஒரு வேட்டி தேய்த்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மொதலாளி, துணி கொண்டாரலியா?"

"உன் நம்பர் வேணும்மா. அலாரம் அடிச்சா உனக்குத்தான் மொதல்ல பேசுவாங்க."

"என் நம்பரா? உனக்குத்தான் மூணு கீதாமே." இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். "தரேன். ஆனா ஒண்ணு. அடுத்த தபா வூட்டை ஒடைக்கறதுக்கு மின்ன என்கிட்ட சொல்லிட்டுப் போ. நான் பெட்டி எடுத்துக்கினு வந்து உன் மண்டையில போட்டுட்டேன்னா அப்பால யக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

எண்ணைச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன். வண்டியைச் சுவரோரம் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். "வெயில் எனக்குப் பழகிடுச்சி" என்று சொல்லிவிட்டு மதியத்துக்குள் தள்ளிக்கொண்டார்.

இப்போது மாதம் ஒருமுறை, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கம்பெனிக்காரர்கள் சோதிக்கிறார்கள். போன வாரம் சோதித்தார்கள். நான் தெருவிலேயே நின்றேன். சைரன் கத்தியது. சொல்லித்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் இஸ்திரி வண்டிப் பக்கம் நகர்ந்து நின்றேன். வண்டியில் இஸ்திரிக்கார அம்மாவின் போன் அடித்தது. எடுத்து, "ஆங், போறேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே என் வீட்டுக்குள் போனார். நான் அவர் வண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடியே நின்றேன். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு இருவரும் பால்கனிக்கு வந்தார்கள். என் மனைவி கையை உயர்த்தி, இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் கட்டையை விட்டேன்.